விளக்கு பார்க்கப் போன அம்ப்ருஷ்

அம்ப்ருஷைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. குறை சொல்ல வேண்டுமானால் மனிதர் எதையாவது செய்து முடித்திருக்க வேண்டும். அவர் சோம்பேறி இல்லை. ஆனால் ஒரு காரியத்தைத் தொடங்க அவருக்கு எல்லாம் கூடி வரவேண்டும். தன் வீட்டு வேலிக்குப் பச்சை வண்ணம் அடிக்க ஆரம்பித்தார். காற்று இருக்கக் கூடாது, ஈரம் இருக்கக் கூடாது, வெயிலும் ஏறக் கூடாது என்றார். திஸா நதிக்கரையில் அப்படி ஒரு நாள் வருடத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். வேலி இன்னும் பாதிதான் பச்சை.

வேலை பார்த்த காலமெல்லாம் ரொட்டி வண்டி ஓட்டினார். விடிவதற்குள் நாலு ஊருக்கு ரொட்டி போய்ச் சேர வேண்டும், சேர்ந்துவிடும். ரொட்டி நசுங்கக் கூடாது என்று மாட்டு வண்டி வேகத்தில்தான் போவார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து, திட்டி, கடைசியில் வயல் வழியாகச் சுற்றிக்கொண்டு போவார்கள். கல்யாணம்கூட அவராகப் பேசி முடித்ததில்லை. அவருடைய அம்மா போய்ப் பெண் கேட்டு, அம்மாவே தேதி குறித்து, அம்மாவே இவரைக் கோட்டு மாட்டி நிறுத்தினாள். நல்ல மனைவிதான் அமைந்தாள். பல வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்தாள்.

இரேன் எங்கள் ஊர் பாலர் பள்ளியில் சமையல்காரராக இருந்தார். அவரும் தனி ஆள். புருஷன் இறந்து வெகுநாள் ஆகிறது, ஒரே மகள் ஆஸ்திரியாவில், லின்ஸ் நகரத்தில். அம்ப்ருஷ் தன் வேலியை விட்டுவிட்டு இரேன் வீட்டு வேலிக்கு இரண்டு முறை வண்ணம் அடித்தார். கூரைத் தகரத்தை மாற்றினார். கோழிக் கூண்டுக்குப் புதுக் கதவு போட்டார். அந்த வீட்டில் பழுது பார்க்க ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும், நன்றாக இருந்ததையெல்லாம் கழற்றித் திரும்ப மாட்டினார். ஊருக்கே விஷயம் தெரியும். அம்ப்ருஷ் மட்டும் அதை ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நான் மாதில்ட். ஊர் தபால் நிலையத்தில் இருந்தேன். இப்போது ஓய்வூதியர் சங்கத்தின் வேலைகளைப் பார்க்கிறேன். வேலை என்றால், தலைவர் லோராண்ட் பேசுவார், நான் செய்வேன். லோராண்ட் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். இன்னமும் கழுத்தில் விசில் தொங்கும்.

போன குளிர்காலத்தில் ஒருநாள் சங்கத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் தலைநகரமான புடாபெஸ்ட்டை, நாங்கள் சுருக்கமாகப் பெஸ்ட் என்பதை, ராத்திரியில் காட்டினார்கள். பாலங்களெல்லாம் விளக்கு, கோட்டையெல்லாம் விளக்கு, பாராளுமன்றம் தங்கம் பூசினாற்போல் ஆற்றில் தலைகீழாகத் தெரிந்தது. பாப்பி விதை அரைத்துக்கொண்டிருந்த இரேன் கையை நிறுத்தினார்.

"நான் பெஸ்ட்டுக்குப் போனதெல்லாம் கண் ஆஸ்பத்திரிக்கு. விளக்கு போடறதுக்கு முன்னாடியே ரயில் ஏறிடுவேன். இதை ஒரு தடவை நேர்ல பாத்துட்டா போதும். அப்புறம் யார் எங்க கூப்பிட்டாலும் போயிடுவேன்."

சொல்லிவிட்டு அவர் மறுபடி அரைக்க ஆரம்பித்துவிட்டார். அம்ப்ருஷ் கையிலிருந்த தேநீர் ஆறிப்போகும்வரை குடிக்கவில்லை. மனதில் இருப்பதை இரேனிடம் எங்கே கேட்க வேண்டும் என்பது அவருக்கு அன்றைக்குக் கிடைத்துவிட்டது.

வசந்தத்தில் செய்தி வந்தது. மகள் அம்மாவை லின்ஸுக்கே வந்துவிடச் சொல்கிறாளாம். இரேன் வீட்டை வாங்க சோல்னோக் நகரத்திலிருந்து ஓர் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான். ஜூன் மாதக் கடைசித் திங்கட்கிழமை கையெழுத்து என்று ஊரில் பேச்சு. கையெழுத்துப் போட்டால் இரேன் போய்விடுவார். அம்ப்ருஷ் கேட்பதானால் அதற்குள் கேட்டாக வேண்டும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் அம்ப்ருஷ் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்று நான் பார்த்ததே இல்லை.

"பெஸ்ட்டுக்கு ஒரு நாள் போய் விளக்கு பாத்துட்டு வரலாம்," என்றார்.

"என்னைக்கு?" என்றார் லோராண்ட்.

அம்ப்ருஷ் சுவரில் தொங்கிய நாட்காட்டியிடம் போனார். எங்கள் நாட்காட்டியில் ஒவ்வொரு தேதிக்குக் கீழும் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயர்க்காரர்களுக்கு அன்றைக்குப் பெயர் நாள். பிறந்த நாளையாவது மறந்து தொலைக்கலாம், பெயர் நாளை மறக்க முடியாது, சுவரிலேயே அச்சாகி இருக்கிறது. ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமைமேல் விரலை வைத்தார். கீழே 'இரேன்' என்றிருந்தது.

எல்லோரும் சரி என்றோம். இரேன் முகம் சிவந்துபோய் ஜன்னலைப் பார்த்தார். யாரும் வேறொன்றும் கேட்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பட்டணத்துக்காரர்கள் இல்லை. கிளம்பினவர்களில் என்னைத் தவிர எல்லோரும் கோழி வளர்ப்பவர்கள். ஜூன் மாதத்தில் கோழி எத்தனை மணிக்குக் கூண்டில் ஏறும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் ஊருக்கு வரும் கடைசி ரயில் எப்போது என்பதும் எல்லோருக்கும் மனப்பாடம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு தலைகூட இல்லை. என் தலையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெஸ்ட்டைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் இருட்டாகவே பார்த்திருக்கிறோம். அது எப்போதும் இருட்டாக இருக்கிற ஊர் என்று மனதில் பதிந்துவிட்டது போலிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை விடிகாலையில் ஒற்றைப் பெட்டி ரயிலில் கிளம்பினோம். எங்கள் நாட்டில் அறுபத்தைந்து வயதானால் ரயில், பஸ், டிராம் எல்லாம் இலவசம். எனக்கு இன்னும் அந்த வயது வரவில்லை. மொத்தக் கூட்டத்தில் டிக்கெட் வாங்கினவள் நான் ஒருத்தி. ஓடியாடி எல்லாவற்றையும் ஏற்பாடு செய்கிறவளும் நானே.

அம்ப்ருஷ் கறுப்புக் கோட்டும் சூட்டும் போட்டு வந்திருந்தார். மனைவியை அடக்கம் செய்த அன்று போட்டது. கையில் ஏழு ரோஜா. இரட்டைப்படையாகக் கொடுத்தால் சாவு வீட்டுக்கு என்று ஆகிவிடும், அதைச் சரியாகத்தான் எண்ணி வாங்கியிருந்தார்.

"பெயர் நாள் வாழ்த்துக்கள், இரேன்," என்றார்.

"ரொம்ப சந்தோஷம், அம்ப்ருஷ். நாள் முழுக்க இதை எங்க வச்சுக்கறது?"

அவர் யோசித்தார். அது அவர் திட்டத்தில் இல்லை. கடைசியில் இரேனே சாப்பாட்டுக் கூடையில் ஊறுகாய்ப் புட்டியைத் திறந்து, மிளகாயைத் தின்று தீர்க்கச் சொல்லி எங்களுக்குக் கொடுத்துவிட்டு, அதில் தண்ணீர் ஊற்றிப் பூவை நிறுத்தினார். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் ஊறுகாய் மிளகாய். யாரும் மறுக்கவில்லை.

பெஸ்ட்டில் இறங்கியபோதே வெயில் கொளுத்தியது. பஸ்ஸில் கோட்டை மேட்டுக்குப் போனோம். லோராண்ட் விசில் ஊதி ஊதி எங்களை அழைத்துப் போனார். தூரத்து நாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் சிலர் அவரை ஏதோ அதிகாரி என்று நினைத்து வரிசையில் நின்றார்கள். மேலிருந்து ஆற்றைப் பார்த்தோம், பாலங்களைப் பார்த்தோம். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

"ராத்திரி இது வேற மாதிரி இருக்கும்," என்றார் அம்ப்ருஷ், இரேனிடம். கோட்டுக்குள் வியர்த்துக் கொட்டியது.

மதியம் ஆற்றங்கரையில் நிழல் பார்த்து உட்கார்ந்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சியையும் அவித்த முட்டையையும் பிரித்தோம். படகு டிக்கெட் விற்கிற பெண் ஒருத்தி பக்கத்தில் குடை போட்டு உட்கார்ந்திருந்தாள். எந்த இடத்தில் நின்றால் விளக்கு நன்றாகத் தெரியும் என்று கேட்கலாமே என்று போனேன்.

"ஏம்மா, விளக்கெல்லாம் எப்பப் போடுவாங்க?"

"இருட்டினா போடுவாங்க."

"எப்ப இருட்டும்?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க ஊர்ல எப்ப இருட்டும்?"

"ஒம்போது மணி ஆகும்."

"இங்கயும் அதேதான்."

எங்கள் ஊருக்கு அன்றைய கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் பெஸ்ட்டிலிருந்து ஏழரைக்குக் கிளம்பியாக வேண்டும். திரும்பி வந்து சொன்னேன். மென்றுகொண்டிருந்த வாயெல்லாம் நின்றது.

"அது எப்படி?" என்றார் லோராண்ட். "நான் வந்தப்ப அஞ்சு மணிக்கே எரிஞ்சுதே."

"எப்ப வந்தீங்க?"

"கிறிஸ்துமஸுக்கு."

லோராண்ட் முட்டைக்கு உப்புத் தொட்டுக்கொண்டார். தங்கிவிடலாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. கோழிகளை யார் அடைப்பது? போன வாரம்தான் நரி வந்திருந்தது. அம்ப்ருஷ் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவர் எழுந்து, கழற்றியிருந்த கோட்டுப் பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"கொஞ்சம் மேகம் போட்டா சீக்கிரம் போடுவாங்களோ என்னமோ," என்றார்.

வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை.

அப்புறம் என்ன செய்வது? ஆற்றை ஒட்டி இரண்டாம் நம்பர் டிராம் ஓடுகிறது. படகில் போகிறவர்கள் காசு கொடுத்துப் பார்ப்பதையெல்லாம் அதில் உட்கார்ந்தே பார்க்கலாம். எங்கள் ஆட்களுக்கு இலவசம் வேறு. ஏறிவிட்டோம். கடைசி நிறுத்தம்வரை போனோம். இறங்கி அதே டிராமில் திரும்ப ஏறினோம். மறுபடி அந்தக் கோடிக்குப் போனோம். மறுபடி இந்தக் கோடிக்கு வந்தோம். அம்ப்ருஷும் இரேனும் ஒரே இருக்கையில், நடுவில் ஊறுகாய்ப் புட்டியில் ரோஜா. நான் அவர்களுக்குப் பின்னால்.

சங்கிலிப் பாலத்தடியில் டிராம் ஒரு சுரங்க வழிக்குள் நுழைந்து வெளியே வரும். இரண்டு மூச்சு விடுகிற நேரம் இருட்டு. முதல் தடவை நுழைந்தபோது அம்ப்ருஷ் இரேன் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். வெளிச்சம் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டார். அடுத்த தடவையும் திறந்தார். அடுத்த தடவையும் மூடினார். மீன் தோற்றது போங்கள். மூன்றாவது தடவை, "இரேன்," என்று பெயர்வரை வந்துவிட்டார்.

"என்ன, அம்ப்ருஷ்?"

டிராம் வெயிலுக்கு வந்துவிட்டது. "தண்ணி வேணுமா?" என்றார்.

எனக்கு எட்டி அந்தக் கறுப்புக் கோட்டுக் காலரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

ஒரு கோடியில் ஓட்டுநர் தன் அறையைவிட்டு இறங்கி வந்தார். மீசைக்காரர்.

"தப்பா எடுத்துக்காதீங்க. மத்தியானத்துல இருந்து இந்த வண்டியிலேயே போய்ட்டுப் போய்ட்டு வரீங்க. ஏதாவது தொலைச்சுட்டீங்களா?"

"எங்களுக்கு இலவசம்," என்றார் லோராண்ட், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"அது தெரியுதுங்க."

"இருட்டறதுக்காகக் காத்திருக்கோம்," என்றேன் நான்.

அவர் வெளியே எட்டி வானத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "இன்னைக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய் வண்டியை எடுத்தார்.

அடுத்த கோடியில் இரேன் கை கழுவ இறங்கினார். நான் அந்த நேரத்தை விடவில்லை. அம்ப்ருஷ் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"காத்திருக்கேன்."

"விளக்கு வராது. ஏழரைக்கு நம்ம ரயிலு. திங்கக்கெழமை அவங்க கையெழுத்து. பகல்லயே கேட்டுத் தொலைங்களேன். பகல்ல கேட்டா காது கேக்காதா அவங்களுக்கு?"

அவர் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"இருட்டுன்னா அவங்க விளக்கைப் பாத்துட்டு இருப்பாங்க, மாதில்ட். என் மூஞ்சிய பாக்க மாட்டாங்க. பகல்ல மூஞ்சியத்தான பாப்பாங்க. முடியாதுன்னு சொல்லணும்னா அவங்களுக்கும் கஷ்டம்."

இத்தனை வருடமாக இந்த மனிதரை மந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயம் அவருக்கு, அவ்வளவுதான். இரேன் திரும்பி வருவதைப் பார்த்து எழுந்து பின்னால் போனேன்.

ஏழரை ரயிலில் ஏறியபோது பெஸ்ட் முழுக்க வெயிலாக இருந்தது. ஒரு விளக்குகூட எரியவில்லை. பெட்டியில் எங்களைத் தவிர ஆள் அதிகமில்லை. ஊர் எல்லை தாண்டுவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நான் அம்ப்ருஷுக்கும் இரேனுக்கும் எதிர் வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். காதை மூட முடியாதே.

சோளக் காடுகள் வர ஆரம்பித்தன. வெகுநேரம் கழித்து அம்ப்ருஷ் தொண்டையைச் செருமினார்.

"இரேன், விளக்கு போடற நேரத்துல உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம்னு இருந்தேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"பாலர் பள்ளிப் பிள்ளைங்களுக்கே தெரியும்."

"அப்ப இப்ப கேக்கலாமா? வெளிச்சமா இருக்கே."

"கேளுங்க."

"என் வீட்டுக்கு வந்துடறீங்களா? என்கூட. இருக்கறதுக்கு."

கேட்டுவிட்டார். எனக்குக் கண்ணைத் திறந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. இரேன் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை.

"வீட்டை வித்துட்டேன், அம்ப்ருஷ்," என்றார். "வியாழக்கிழமையே கையெழுத்து போட்டாச்சு. திங்கக்கிழமைன்னு ஊர்ல பேசிக்கிட்டாங்க, நானும் விட்டுட்டேன்."

அம்ப்ருஷ் அசையவில்லை. பாழாய்ப்போன இந்த வெயிலுக்காக ஒரு முழு நாளைத் தின்று தீர்த்தோமே என்றிருந்தது.

"என் வாசல் கேட்டை மூணு தடவை கழட்டி மாட்டினீங்க," என்றார் இரேன். குரலை ஏற்றவில்லை. "அந்தக் கேட்டுல ஒரு கோளாறும் இல்ல. ஒவ்வொரு தடவையும், இன்னைக்குக் கேப்பாருன்னு புது ரவிக்கை போட்டு காபி போட்டு வச்சேன். நீங்க காபியக் குடிச்சிட்டு, கீலுக்கு எண்ணெய் விட்டுட்டுப் போனீங்க. புதன்கிழமையும் வந்தீங்க. புதன்கிழமையும் எண்ணெய்தான். எனக்குக் கோவம் வந்துச்சு. அந்தக் கோவத்துல போய்க் கையெழுத்து போட்டேன்."

"சரி," என்றார் அம்ப்ருஷ். ரயில் ஒரு சின்ன நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. அப்புறம்தான் கேட்டார்.

"மகள்கிட்ட வரேன்னு சொல்லிட்டீங்களா?"

"நாளைக்குச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

"ஏன் நாளைக்கு?"

"இன்னைக்கு விளக்கு பாக்கப் போறோம்ல. அதான்."

அவர் அதை மனதுக்குள் நிதானமாகத் திருப்பிப் பார்த்தார். ரொட்டி வண்டி வேகம்தான். நான் என் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அப்ப உங்களுக்கு வீடு இல்ல," என்றார்.

"ஆகஸ்டுல இருந்து இல்ல."

"என்கிட்ட ஒண்ணு இருக்கு. ரெண்டு அறை சும்மாதான் கிடக்கு. சமையல்கட்டு கிழக்குப் பாத்தது, காலை வெயில் வரும். கிணத்துத் தண்ணி நல்லா இருக்கும். அடுப்பு மட்டும் பழசு. அதை மாத்திடறேன்."

"அடுப்பை நீங்க மாத்தறதுக்குள்ள எனக்கு எண்பது வயசாயிடும்," என்றார் இரேன். "என் அடுப்பையே தூக்கிட்டு வரேன்."

தூங்குவதாக நாங்கள் நினைத்த லோராண்ட் உடனே பையைத் திறந்து பிளம் சாராயத்தை எடுத்தார். கண்ணை மூடியிருந்த மற்றவர்களும் சிரமமில்லாமல் விழித்துக்கொண்டார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அக்கம்பக்கத்தில் வாழ்ந்தாலும், சின்ன வயதில் இருந்து பழகியவர்கள் இல்லையென்றால், ஆணும் பெண்ணும் 'நீங்க'தான். 'நீ' என்று மாறுவதற்குக் கையோடு கை கோத்து ஒரு மடக்குக் குடிக்க வேண்டும். அதைப் பெண்தான் சொல்ல வேண்டும். ஆண் சொன்னால் மரியாதை கெட்டுவிடும்.

இரேன் இரண்டு பிளாஸ்க் மூடியில் ஊற்றச் சொன்னார். ஒன்றை அம்ப்ருஷ் கையில் கொடுத்து, தன் கையை அவர் முழங்கைக்குள் நுழைத்தார்.

"இனிமே நீன்னே கூப்பிடு," என்றார். "எவ்வளவு சாமான் தூக்கணும். 'நீங்க அந்தப் பக்கம் பிடிங்க, நீங்க கொஞ்சம் சாய்ங்க'ன்னு பேசிட்டிருந்தா பனி விழுந்துடும்."

இரண்டு பேரும் குடித்தார்கள். வழக்கப்படி இப்போது அம்ப்ருஷ் 'நீ' போட்டு ஏதாவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாய் திறந்தது, மூடியது. லோராண்ட் விசிலைக் கையில் எடுத்துவிட்டார், நான் பிடுங்கி வைத்தேன்.

"நீ அழாத," என்றார் அம்ப்ருஷ்.

"நான் ஏன் அழறேன்? வெயில் கண்ணுல படுது," என்றார் இரேன்.

சூரியன் ரயிலுக்குப் பின்னால் இருந்தது. இரேன் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை.